மூன்று கிதார், ஐந்து பேர்: ரோலிங் பிளாக்அவுட்ஸ் கோஸ்டல் ஃபீவர் – திருவிழாவுக்குக் கிளம்பும் முன் சில கேள்விகள்

இசைத் திருவிழா சுவரொட்டிகளில் முதல் வரியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர்களை எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் காசுக்கு உண்மையான பலன் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வரியில்தான் கிடைக்கும். அந்த வரியில் ஒரு பெயர் மட்டும் இடம் போதாமல் சுருக்கி அச்சிடப்பட்டிருந்தால் அது அநேகமாக இந்த மெல்பர்ன் குழுதான். இவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 2022 வரை வந்த மூன்று முழு ஆல்பங்களையும் அவற்றுக்கு முந்தைய குறுந்தொகுப்புகளையும் வைத்து எழுதியது.

யார் இவர்கள்?

ஐந்து பேர். ஃபிரான் கீனி, டாம் ரூசோ, ஜோ வைட் ஆகிய மூவரும் கிதார் வாசிக்கிறார்கள், மூவரும் பாட்டு எழுதுகிறார்கள், மூவரும் பாடுகிறார்கள். பேஸ் கிதார் ஜோ ரூசோ, டிரம்ஸ் மார்செல் டஸ்ஸி. டாமும் ஜோ ரூசோவும் உடன்பிறந்தவர்கள். கீனியும் வைட்டும் உறவுக்காரர்கள். குழு உருவானது 2013 வாக்கில். அதற்கு முன்பும் இவர்கள் ஒருவரோடு ஒருவர் வெவ்வேறு சேர்க்கைகளில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேடையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே இந்தப் பழக்கம் தெரிந்துவிடும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இடம் விட்டுக் கொடுக்கிறார்கள்.

பெயர் ஏன் இவ்வளவு நீளம்?

முதலில் 'ரோலிங் பிளாக்அவுட்ஸ்' மட்டும்தான். பிறகு வாலைச் சேர்த்து நீட்டிக்கொண்டார்கள். ரசிகர்கள் ஆர்.பி.சி.எஃப். என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று கிதார் எதற்கு? ஒன்று போதாதா?

இந்தக் குழுவைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று கிதார் என்றதும் இரைச்சல் என்று நினைத்துவிடுவோம். பல ராக் குழுக்களில் அப்படித்தான் நடக்கிறது: மூன்று பேரும் ஒரே கார்டை (சுரக்கூட்டை) ஒரே நேரத்தில் அடித்துச் சுவர் எழுப்புவார்கள். ஆர்.பி.சி.எஃப். செய்வது இதற்கு நேர்மாறு. கீனி பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிதார் வைத்திருப்பார். அவருடைய வலது கை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சுரத்தைவிட அந்தக் கம்பி உரசல்தான் முக்கியம், கிட்டத்தட்ட இன்னொரு தாளக் கருவி. டாம் ரூசோவின் எலக்ட்ரிக் கிதார் அதன் மேல் நடுவில் உட்கார்ந்து பாட்டின் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஜோ வைட்டின் கிதார் உச்சத்தில் தனியே அலைகிறது. பாடுகிறவர் மூச்சு விடும் இடைவெளியில் நுழைந்து, ஒரு சின்ன மெட்டைச் சொல்லிவிட்டு, அடுத்த வரி வருவதற்குள் விலகிவிடுகிறது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேர் ஒரே ஊர்க்கதையைச் சொல்வது மாதிரி. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார், குறுக்கே பேசுகிறார், ஆனால் கதை தடுமாறுவதில்லை.

இத்தனையும் நடக்கும்போது பாட்டு விழுந்துவிடாமல் தாங்குவது பேஸும் டிரம்ஸும். டஸ்ஸியின் தாளத்தில் ஜோடனை குறைவு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும் வண்டிக்கு உரிய ஓட்டம் அது. ஜோ ரூசோவின் பேஸ் பல பாடல்களில் தனக்கென்று ஒரு மெட்டையே வைத்திருக்கிறது. திரும்பக் கேட்கும்போது கிதார்களை மறந்துவிட்டு அதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். வேறு பாட்டாகத் தெரியும்.

தங்கள் இசையை இவர்களே 'டஃப் பாப், சாஃப்ட் பங்க்' (முரட்டு பாப், மென்மையான பங்க்) என்று வருணித்ததுண்டு. விமர்சகர்கள் 'ஜாங்கிள் பாப்' (கிதார் கம்பிகள் கலகலவென ஒலிக்கும் பாப்) என்பார்கள். இரண்டில் குழு சொன்னதே பொருத்தம். இனிமை இருக்கிறது, ஆனால் குழைவு இல்லை.

ஒரு வாரம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

2018-இல் வந்த முதல் ஆல்பமான 'ஹோப் டவுன்ஸ்'. பத்துப் பாட்டு, ஏறத்தாழ 35 நிமிடம். அலுவலகம் போகும் வழியில் முடிந்துவிடும். அதில் 'டாக்கிங் ஸ்ட்ரெயிட்', 'மெயின்லேண்ட்', 'ஆன் ஏர் கண்டிஷண்ட் மேன்' மூன்றையும் இரண்டு, மூன்று முறை கேளுங்கள். பிறகு ஒரு படி பின்னால் போய் 2017-இன் 'தி ஃபிரெஞ்ச் பிரஸ்' என்ற ஆறு பாட்டுக் குறுந்தொகுப்பின் தலைப்புப் பாட்டு. அதில் பாடுகிறவர்கள் பாடி முடித்த பிறகும் கிதார்கள் பேச்சை நிறுத்துவதில்லை. அந்த நீண்ட கடைசிப் பகுதியில்தான் இந்தக் குழுவின் உயிர் இருக்கிறது. அங்கே உங்கள் கால் தானாக ஆடவில்லை என்றால் அந்த நேரத்தில் வேறு மேடைக்குப் போய்விடலாம், தவறில்லை.

அடுத்து 2020 ஆல்பமான 'சைட்வேஸ் டு நியூ இட்டலி'யிலிருந்து 'கார்ஸ் இன் ஸ்பேஸ்', 2022 ஆல்பமான 'எண்ட்லெஸ் ரூம்ஸ்'ஸிலிருந்து 'தி வே இட் ஷேட்டர்ஸ்'. ஆறு பாட்டு ஆகிவிட்டது. இது போதும். எல்லாப் பாட்டையும் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி உருப்போட்டுவிட்டுப் போகிறவர்கள் மேடையில் நடப்பதைப் பார்க்காமல், அடுத்தது என்ன பாட்டு என்றே யோசித்துக்கொண்டு நிற்பார்கள்.

வரிகள் பிடிபடவில்லையே?

முதல் தடவையில் பிடிபடாது. மூன்று குரல்கள், அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு இவர்கள் கதையை முதலிலிருந்து சொல்வதில்லை. ஒரு அறை, ஒரு கார், ஒரு கடற்கரை, யாரோ இருவர், பாதியில் கேட்ட பேச்சு; அவ்வளவுதான் கொடுப்பார்கள். 'கார்ஸ் இன் ஸ்பேஸ்' பிரியப்போகும் ஒரு ஜோடியைப் பற்றியது. ஆனால் அதில் பிரிவு வருவதில்லை, அதற்குச் சற்று முந்தைய தடுமாற்றம்தான் வருகிறது. 'டாக்கிங் ஸ்ட்ரெயிட்' இந்தப் பிரபஞ்சத்தில் மனிதர்களைத் தவிர வேறு யாருமே இல்லையென்றால் என்ன என்று கேட்கிறது. அப்படியானால் தனியாக இருப்பதையாவது சேர்ந்து செய்யலாமே என்கிறது. இவ்வளவு பெரிய விசாரத்தைக் குதித்து ஆடக்கூடிய மெட்டில் கொடுத்தது குறும்பு.

'ஹோப் டவுன்ஸ்' என்பது ஏதாவது ஊரா?

சுரங்கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருக்கும் பிரம்மாண்டமான திறந்தவெளி இரும்புத்தாதுச் சுரங்கம். ஹான்காக் நிறுவனமும் ரியோ டின்டோவும் சரிபாதி கூட்டு. பெயரில் உள்ள ஹோப், அந்தச் சுரங்கச் சாம்ராஜ்யத்தை நிறுவிய லாங் ஹான்காக்கின் மனைவி. மெல்பர்னிலிருந்து பார்த்தால் கண்டத்தின் மறுகோடி அது. செம்மண்ணில் படிப்படியாக இறங்கும் ஒரு மாபெரும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பது எப்படி இருக்கும் என்பதுதான் தொகுப்பின் மனநிலை: எதிரே பெரிய வெறுமை, கையில் பிடித்துக்கொள்ள ஏதோ சின்னதாக ஒன்று. ஏ.சி. அறையில் அடைந்துகிடக்கும் அலுவலக மனிதனிலிருந்து கடலைப் பார்த்து நிற்பவர்கள் வரை எல்லாப் பாட்டிலும் அந்த விளிம்பு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அப்படியானால் 'நியூ இட்டலி'?

இது நிஜமாகவே ஊர். அதன் வரலாறு ஒரு நாவலுக்குப் போதும்.

1880-இல் மார்க்கி தெ ரே என்ற பிரெஞ்சுப் பிரபு, பசிபிக் கடலில் தான் ஒரு குடியேற்ற நாடு அமைப்பதாகச் சொல்லி ஐரோப்பாவில் நிலம் விற்றார். வளமான மண், தயாராக நிற்கும் வீடுகள் என்றெல்லாம் விளம்பரம். வடக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதி விவசாயிகள் அதை நம்பினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் குடும்பம் குடும்பமாக பார்சிலோனாவிலிருந்து 'இந்தியா' என்ற கப்பலில் ஏறினார்கள். போய் இறங்கிய இடம், இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ அயர்லாந்து தீவின் போர்ட் பிரெட்டன். அங்கே நாடும் இல்லை, வீடும் இல்லை. செங்குத்தான காடும் காய்ச்சலும்தான் இருந்தன. பட்டினியிலும் நோயிலும் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் நியூ கலிடோனியா வழியாக 1881 ஏப்ரலில் சிட்னி வந்து சேர்ந்தபோது 217 பேர். பிரபு பின்னர் பிரான்சில் சிறைக்குப் போனார்.

சிட்னி அரசாங்கம் அவர்களைச் சேர்ந்து இருக்க விடாமல் வெவ்வேறு இடங்களுக்கு வேலைக்கு அனுப்பியது. ஆனால் அடுத்த ஆண்டே சிலர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, வுட்பர்ன் அருகே யாரும் சீந்தாத நிலத்தை வாங்கினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அதுதான் நியூ இட்டலி. யூக்கலிப்டஸ் காட்டை வெட்டி, திராட்சை நட்டு, பட்டுப்புழு வளர்த்து ஓர் இத்தாலியக் கிராமத்தை எழுப்பினார்கள். இன்று அங்கே குடியிருப்பு அதிகம் இல்லை. பசிபிக் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் அருங்காட்சியகமும், ஆஸ்திரேலியப் புதர்க்காட்டுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் நிற்கும் ரோமானியப் பாணிச் சிலைகளும் இருக்கின்றன.

டிரம்ஸ் வாசிக்கும் டஸ்ஸி அந்தப் பகுதிக்காரர். முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஓயாமல் ஊர் சுற்றி, எது தங்கள் ஊர் என்ற பிடிப்பே நழுவிப்போயிருந்த நேரத்தில் குழுவுக்கு இந்த இடம் கண்ணில் பட்டது. இழந்த ஊரை வேறு மண்ணில் திரும்பக் கட்டிக்கொள்ளும் அந்த முயற்சியிலிருந்துதான் 2020-இன் 'சைட்வேஸ் டு நியூ இட்டலி' பிறந்தது. மூன்று ஆல்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொதுக் கருத்து 'ஹோப் டவுன்ஸ்' பக்கம் இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை. வந்த நேரம்தான் மோசம்: 2020 ஜூன். உலகில் அநேகமாக ஒரு மேடையும் திறந்திருக்கவில்லை. அதனால் இந்தப் பாடல்கள் மக்கள் முன்னால் வாசிக்கப்படுவதற்கே காத்திருக்க வேண்டியதாயிற்று.

'எண்ட்லெஸ் ரூம்ஸ்' அட்டையில் இருக்கும் வீடு யாருடையது?

ரூசோ குடும்பத்தினுடையது. மெல்பர்னுக்கு வடக்கே மியா மியா என்ற சிற்றூரில், ஏரிக்கரையில் இருக்கிறது. 1970-களில் உறவினர்கள் எல்லோரும் கூடி மண் செங்கல்லில் கட்டிய வீடு. பெருந்தொற்றுக் காலத்தில் மெல்பர்ன் மொத்தம் 262 நாள் ஊரடங்கில் கிடந்தது. ஐந்து பேரும் தனித்தனி வீடுகளிலிருந்து துண்டு துண்டாகப் பாட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அந்த வீட்டிலேயே கருவிகளை இறக்கி ஒலிப்பதிவு செய்தார்கள். மழை, பறவைகள், காற்று, கணப்புத் தீ எல்லாம் தட்டில் பதிவாகியிருக்கின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த வீடு காதில் விழும். 2022 மே மாதம் வெளியானது. முந்தையவற்றைவிடச் சற்று இருண்டது, பொறுமையாகக் கேட்க வேண்டியது. திருவிழாவுக்கு முன் நேரம் இல்லையென்றால் இதைத் திரும்பி வந்த பிறகு கேட்கலாம்.

அரசியல் பேசுகிறவர்களா?

மேடையில் பிரசங்கம் செய்கிறவர்கள் இல்லை. பாட்டுக்குள் இருக்கிறது. டாம் ரூசோவின் தாத்தா பாட்டி சிசிலிக்கு வடக்கே உள்ள ஏயோலியத் தீவுகளிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். அவர் அந்தத் தீவுகளுக்குப் போயிருந்த காலத்தில், அதே மத்தியதரைக் கடலில் அகதிகள் படகுகளில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்துகொண்டிருந்தார்கள். தன் முன்னோர் புறப்பட்ட கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஒருவனின் கூச்சம்தான் 'மெயின்லேண்ட்'. நான்கு வருடம் கழித்து 'தி வே இட் ஷேட்டர்ஸ்' அதே இடத்துக்குத் திரும்புகிறது: எங்கே பிறக்கிறோம் என்பது வெறும் அதிர்ஷ்டம்தானே என்கிறது. ஆஸ்திரேலியக் கடல் எல்லையில் அந்த அதிர்ஷ்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஈழத் தமிழ் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சோகப் பாட்டாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டுமே வேகமானவை. கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு பாடும்.

'இண்டி' என்கிறார்களே, உண்மையிலேயே சொந்தக் காலில் நிற்கிறவர்களா?

ஆஸ்திரேலியாவில் ஐவி லீக், வெளியே அமெரிக்காவின் சப் பாப் என்று இரண்டு நிறுவனங்கள் இவர்கள் தட்டுகளை வெளியிட்டன. சப் பாப் என்றால் சியாட்டில், 1989-இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே நிறுவனம். 1990-களிலேயே வார்னர் என்ற பெரிய இசை நிறுவனம் அதில் 49 சதவீதம் வாங்கிவிட்டது. ஆகவே 'இண்டி' என்பதைக் கணக்குப்பிள்ளையின் அர்த்தத்தில் பார்க்கத் தொடங்கினால் பாதிக் குழுக்களைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். இசையின் குணமாகப் பார்ப்பதுதான் எளிது.

இவர்களுக்கு முன்னோடி யார்?

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் தி கோ-பிட்வீன்ஸ். 1977-இல் பிரிஸ்பேனில் ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லென்னன் என்ற இரண்டு கல்லூரி நண்பர்கள் தொடங்கியது. ஒரே குழுவில் இரண்டு பாடலாசிரியர்கள், வெயிலடிக்கும் கிதார், ஊர்ப் பெயர்களும் சாதாரண மனிதர்களும் நிறைந்த வரிகள். பெரிய வெற்றி எதையும் அவர்கள் காணவில்லை. மெக்லென்னன் 2006-இல் இறந்தார். 2010-இல் பிரிஸ்பேன் நதியின் மேல் திறந்த புதிய பாலத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். வாழும்போது அந்த மரியாதையில் பாதியாவது தட்டு விற்பனையில் கிடைத்திருக்கலாம்.

நியூசிலாந்தின் ஃபிளையிங் நன் நிறுவனம் 1980-களில் வெளியிட்ட டனீடன் நகரக் குழுக்களையும், குறிப்பாக தி கிளீன் குழுவையும், கேட்டால் வம்சாவளி இன்னும் தெளிவாகும். வீட்டுப்பாடம் இல்லை, ஆர்வம் இருந்தால் மட்டும்.

மெல்பர்னிலிருந்து மட்டும் ஏன் இத்தனை குழுக்கள்?

வாசிக்க இடம் இருக்கிறது, கேட்க வானொலி இருக்கிறது. திரிபிள் ஆர், பி.பி.எஸ். போன்ற சமூக வானொலிகள் நேயர்களின் சந்தாவில் ஓடுகின்றன. பெரிய நிறுவனங்களின் ஆதரவு இல்லாத குழுவின் பாட்டும் அங்கே ஒலிபரப்பாகும். அப்புறம் மூலைக்கு மூலை இருக்கும் மதுக்கூடங்களின் சின்ன மேடைகள். 2010 ஜனவரியில் காலிங்வுட் பகுதியின் 'தி டோட்' மதுக்கூடம் உரிம விதிகளால் மூடப்பட்டபோது, நேரடி இசையைக் காப்பாற்றச் சொல்லி அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் தெருவில் ஊர்வலம் போனார்கள். அது மீண்டும் திறந்தது. 2023-இல் அந்தக் கட்டடம் விலைக்கு வந்தபோது, கைமாறி அடுக்குமாடி ஆகிவிடக்கூடாது என்று ரசிகர்களே 30 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். ஒரு மதுக்கூடத்துக்கு இது தேவையா என்று கேட்கலாம். அங்கே அது மதுக்கூடம் மட்டும் இல்லை.

மைதானத்தில் எங்கே நிற்பது நல்லது?

ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். மூன்று கிதாரும் பிரிந்து கேட்கும் இடம் அதுதான். மேடைக்கு அருகே ஓரமாக நின்றால் உங்கள் பக்கத்து ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸும்தான் காதில் விழும். அக்கூஸ்டிக் கிதாரின் உரசல் காணாமல் போய்விடும். காதில் பஞ்சை அடைக்காமல் இசைக்கேற்ற காது அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணப் பஞ்சு மேல் சுரங்களைத்தான் முதலில் விழுங்கும். இந்தக் குழுவில் அதை இழந்தால் பாதி போயிற்று.

சிலர் ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்குகிறார்களே, அவமதிப்பா?

நம் வழக்கப்படி பார்த்தால் பதறத்தான் செய்யும், ஆனால் அது உச்சபட்ச மரியாதை. இவர்களின் சொந்த மாநிலமான விக்டோரியாவில் நடக்கும் மெரெடித், கோல்டன் பிளெய்ன்ஸ் திருவிழாக்களின் வழக்கம். மெரெடித் 1991-இல் தொடங்கியது, டிசம்பரில் நடக்கும். கோல்டன் பிளெய்ன்ஸ் 2007-இலிருந்து மார்ச்சில். இரண்டும் ஒரே பண்ணை நிலத்தில், ஒரே ஒரு மேடையோடு, விளம்பர நிறுவனங்களின் பதாகை ஒன்றுகூட இல்லாமல் நடப்பவை. அந்த வார இறுதியிலேயே உங்களை அசத்தியது இந்த நிகழ்ச்சிதான் என்று தோன்றினால் ஷூவைத் தூக்க வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் தூக்கிக்கொண்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை, கையும் வலிக்கும்.

கோடைக்காலம்தானே, ஸ்வெட்டர் வேண்டுமா?

வேண்டும். விக்டோரியாவில் பகலில் 38 டிகிரி கொளுத்திவிட்டு, தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிவிடும். அந்தக் காற்று மாற்றத்தின் பெயரில் இவர்களிடம் 'தி கூல் சேஞ்ச்' என்று ஒரு பாட்டே இருக்கிறது. இரவு கூடாரத்தில் நடுங்கிக்கொண்டே அதை முணுமுணுக்கும் நிலைமை வேண்டாம்.

இவர்கள் நேரமும் பெரிய நட்சத்திரத்தின் நேரமும் மோதினால்?

பல மேடைத் திருவிழாக்களில் இது கட்டாயம் நடக்கும். பெரிய நட்சத்திரத்தின் முதல் கால்மணி நேரம் விளக்கும் புகையும் அறிமுகமுமாகப் போய்விடும். அதை விட்டுவிட்டு இவர்களை முழுதாகப் பாருங்கள். பாதியில் கிளம்புவதென்றால் கடைசிப் பாட்டுக்கு முன் மட்டும் கிளம்பாதீர்கள். நீளமான கிதார் உரையாடலைப் பெரும்பாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

பிடித்துவிட்டால் எதை வாங்குவது?

காசு குழுவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தால் ஸ்ட்ரீமிங்கில் நூறு முறை ஓட விடுவதைவிட, மேடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு டி-ஷர்ட்டோ இசைத்தட்டோ வாங்குவது மேல். வினைல் வாங்குவதாக இருந்தால் கூட்டத்தில் கசங்காமல் எப்படிக் கூடாரம் வரை கொண்டுபோவது என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். வெயிலில் காருக்குள் வைத்துவிட்டால் மாலைக்குள் தட்டு வளைந்துவிடும். சில கடைகளில் பணத்தைக் கட்டிவிட்டால் நீங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் வரை பத்திரமாக வைத்திருந்து கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.